தாழியில் நெல் இருந்தால் தின்றதும் நெல்தானா?

தேரிக்காட்டான்: நேற்று பொருநைக்கரையார் இங்கே எழுதினார்: "சிவகளையில் செத்தவரைப் புதைத்த முதுமக்கள் தாழியில் கிடைத்தது நெல், காலம் கி.மு. 1155. எலும்பு ஐசோடோப்பு (ஒரே தனிமத்தில் எடை வேறுபட்ட அணுக்கள்) தரவுகளைத் தொகுத்தால் நம் முன்னோர் நெல்லுச்சோறு தின்றவர்கள் என்பது உறுதியாகும்." தொகுக்கும் முன்னே தீர்ப்பா அண்ணாச்சி? தாழியில் வைத்தது செத்தவனுக்கு. உயிரோடிருந்தபோது அவன் குடித்தது கம்மங்கூழாக இருந்தால்?

பொருநைக்கரையான்: தாழியில் இருந்தது நெல் தம்பி. கம்பு இல்லை.

தேரிக்காட்டான்: கம்பு, சோளம், கேழ்வரகு தின்றவன் எலும்பில் கார்பன் 13 என்கிற கனத்த கார்பன் கூடுதலாக இருக்கும். நெல் தின்றவனுக்குக் குறைவு. தாழியைப் பார்த்து இதைச் சொல்ல முடியாது.

பாளை வாத்தியார்: கூடினால் கம்பு என்று குதிக்க வேண்டாம். கடல்மீன் தின்றாலும் கூடும், சோளத்தட்டை தின்ற மாட்டின் பாலைக் குடித்தாலும் கூடும். மீனும் பாலும் கூட்டுகிற நைட்ரஜன் 15ஐயும் சேர்த்துப் பார்க்கணும். குறைந்தாலும் நெல்தான் என்று ஆகாது. உளுந்தும் பனங்கிழங்கும் அதே கணக்கில்தான் வரும்.

பொருநைக்கரையான்: மீன் தின்றான், சரி. குழம்பை எதில் ஊற்றினான்? தாழியில் இருந்தது நெல்.

தேரிக்காட்டான்: கூழுக்குக் கருவாடு கடித்ததே இல்லையாவே நீர்? வாய்க்கால் பாசனக்காரருக்குக் கூழ் என்றாலே இளக்காரம். போன மாசம் கருப்பட்டிப் பேச்சிலும் இதே திமிர்தான்.

ஏரல்காரி: இரண்டு பேரும் எலும்பு கையில் இருக்கிற மாதிரிப் பேசுகிறீர்கள். நம்ம ஊர் வெக்கையில் எலும்பிலுள்ள கொலாஜன் என்கிற புரதம் பெரும்பாலும் தங்காது. தங்கினாலும் கார்பன்–நைட்ரஜன் விகிதம் 2.9க்கும் 3.6க்கும் நடுவே இல்லாவிட்டால் அந்த அளவீட்டைத் தள்ளிவிடுவார்கள். பல் எனாமல்தான் நிலைக்கும். அதில் மண்ணிலிருந்து சாப்பாடு, தண்ணீர் வழியே சேர்ந்த ஸ்ட்ரான்சியம் என்கிற தனிமத்தைப் பார்த்தால் சின்ன வயசில் எந்த நிலத்தில் வளர்ந்தான் என்று ஓரளவு தெரியும். ஆதிச்சநல்லூரில் 1876இல் ஜெர்மன்காரர் யாகோர் தோண்டியது பெர்லினுக்குப் போய்விட்டது.

பொருநைக்கரையான்: பெர்லினில் இருந்தாலும் அது நெல்லை மாவட்டத்துப் பெருமை.

ஏரல்காரி: தூத்துக்குடி மாவட்டம். 1986இலேயே பிரித்தாச்சு.

பொருநைக்கரையான்: தாழி புதைத்தபோது கலெக்டர் ஆபீஸ் இருந்ததாக்கும்?

தேரிக்காட்டான்: நெல்லை மாவட்டம் மட்டும் இருந்ததா? பேச்சை மாற்றாதீர். 'உறுதியாகும்' என்றீரே, எந்த எலும்பு, எந்தப் பல், அளவு எவ்வளவு? ஒன்றாவது போடும்.

பொருநைக்கரையான்: தாழியில் நெல் இருந்தது. அதைப் போட்டாச்சு.

தேரிக்காட்டான்: வாத்தியாரே, நீர் பள்ளிக்கூடத்தில் பாடம் எடுத்த லட்சணமா இது?

பாளை வாத்தியார்: அவர் என்னிடம் படிக்கவில்லை. படித்தது நீர்.