விழித்த பிறகும் உடம்பை விட்டுப் போகாத கனவுகள்

கோவில்பட்டி, பள்ளி ஆசிரியை

மூன்று வருடமாக எனக்கு ஒரே கனவு. வாரத்தில் இரண்டு நாளாவது வரும்.

ஆசிரியர் அறையில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருப்பேன். கீழ்வரிசையில் ஒரு பல் ஆடும். நாக்கால் தொடக் கூடாது என்று நினைத்துக்கொண்டே தொட்டுவிடுவேன். அது கழன்று நாக்கில் விழும். துப்புவதற்குள் அடுத்த பல், அப்புறம் அதற்கும் அடுத்தது. கடைசியில் எல்லாம் சேர்ந்து நொறுங்கிவிடும். வாயை மூடினால் கடலை மிட்டாயைக் கடித்தது போல அரைபடும். எங்கள் ஊரில் பிறந்தவர்களுக்கு அந்தச் சத்தத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. கூடவே உப்புக் கரிக்கிற ரத்தச் சுவை. தலைமையாசிரியர் ஏதோ கேட்பார். வாய் நிறையப் பல் கிடப்பதால் பதில் சொல்ல முடியாது.

கண்ணால் பார்ப்பதுதான் கனவு என்று அதுவரை நினைத்திருந்தேன். இதில் பார்க்க ஒன்றும் இல்லை. நடப்பதெல்லாம் வாய்க்குள்தான். விழித்ததும் குளியலறை விளக்கைப் போட்டுக் கண்ணாடி முன்னால் நின்று விரலால் எண்ணுவேன். 28 பல்லும் இருக்கும். ஆனாலும் ஈறு வலிக்கும், காலைக் காப்பி வரை வாயில் அந்தச் சுவை போகாது.

பல்லை விட அம்மா சொன்னதுதான் என்னைப் பாடாய்ப் படுத்தியது. கனவில் பல் விழுந்தால் வீட்டில் ஒரு சாவு என்பது எங்கள் பக்கத்தில் எல்லாரும் நம்புவது. அதுவும் விடியற்காலைக் கனவு பலிக்கும் என்பார்கள். அப்பாவுக்கு வயது 74, ஒருமுறை நெஞ்சுவலி வந்தவர். கனவு வந்த நாட்களில் சரியாக ஆறு மணிக்கு அவருக்குப் போன் போடுவேன். "காப்பி குடிச்சாச்சாப்பா?" என்றுதான் ஆரம்பிப்பேன். அவருக்குப் புரிந்துவிடும். "இன்னைக்கும் கனவாம்மா? நான் நல்லாத்தான் இருக்கேன், நீ பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பு" என்பார். அம்மா சொன்ன எதையும் நான் தட்டவில்லை. விபூதி பூசினேன், தலையணைக்கடியில் இரும்பு வைத்தேன், குழாய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அதனிடம் கனவைச் சொன்னேன். அந்த நேரத்துக்கு மனசு லேசாகும். ஆனால் கனவு நிற்கவில்லை.

போன வருடம் அடைத்திருந்த ஒரு கடைவாய்ப் பல் உடைந்ததால் பல் மருத்துவரிடம் போனேன். பார்த்தவுடன் அந்த அம்மா கேட்டார்: "காலையில எழுந்திருக்கும்போது தாடை இறுக்கமா இருக்கா? காதுக்கு முன்னாடி வலிக்குதா?" என் பற்களின் மேல்பகுதி தேய்ந்து தட்டையாகியிருப்பதைக் கண்ணாடியில் காட்டினார். தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்கிறேனாம். வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னால், "ஆமா, ராத்திரி ஒரு சத்தம் வரும், நான் எலின்னு நினைச்சேன்" என்கிறார்.

அச்சு எடுத்து, தூங்கும்போது மேல்வரிசையில் மாட்டிக்கொள்ள ஓர் உறை செய்து கொடுத்தார்கள். நைட் கார்டு என்கிறார்கள். முதல் வாரம் எச்சில் ஊறித் தூக்கமே இல்லை. பிறகு பழகிவிட்டது. வாரம் இரண்டு முறை வந்த கனவு இப்போது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருகிறது. அதுவும் உறையைப் போட மறந்த நாட்களில்தான்.

பிறகுதான் தேடிப் படித்தேன். இஸ்ரேலில் 210 பேரிடம் கேட்டுச் செய்த ஓர் ஆய்வு 2018-இல் வெளிவந்திருக்கிறது. பல் விழும் கனவுக்கும் மனக்கவலைக்கும் அதில் தொடர்பு தென்படவில்லை. காலையில் எழும்போது பல்லிலும் ஈறிலும் தாடையிலும் இருக்கும் இறுக்கத்தோடுதான் தொடர்பு தெரிந்தது. என் தாடை சொன்னதை நான் மூன்று வருடம் எமன் சொன்னதாக எடுத்துக்கொண்டிருக்கிறேன். அந்த விடியற்காலைகளை நினைத்தால் இன்றும் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

இப்படி உடம்போடு வருகிற கனவு உங்களுக்கும் உண்டா? எழுதுங்கள்.

நாமக்கல், லாரி ஓட்டுநர்

டீச்சர், எனக்கு வருவது கிணறு.

சின்ன வயதில் அப்பா இடுப்பில் கயிறு கட்டி எங்கள் தோட்டத்துக் கிணற்றில் இறக்கி நீச்சல் பழக்கினார். அப்போது எனக்குப் பயம் இருந்ததே இல்லை. ஆனால் 40 வயதுக்கு மேல் அந்தக் கிணறு கனவில் வர ஆரம்பித்தது. அடியில் கிடப்பேன். கால் சேற்றில் மாட்டியிருக்கும். மேலே வட்டமாக வெளிச்சம் தெரியும். மூக்கில் தண்ணீர் ஏறுகிற அந்த எரிச்சல் அப்படியே இருக்கும். நெஞ்சு வெடிக்கப் போகிற நேரத்தில் எழுந்து உட்கார்ந்து மூச்சை இழுப்பேன். சட்டை நனைந்திருக்கும். ஒரே ராத்திரியில் மூன்று தடவை கூட வரும்.

கிணற்றில் யாரோ விழுந்த தோஷம் என்று சொன்னார்கள். பரிகாரமும் செய்தோம். என் வீட்டுக்காரிதான் ஒரு ராத்திரி தூங்காமல் உட்கார்ந்து பார்த்திருக்கிறாள். "நீங்க குறட்டை விடுறீங்க, திடீர்னு சத்தம் நின்னுடுது, மூச்சே இல்ல. நான் உலுக்கலாம்னு கையை நீட்டுறப்ப ஒரு இழுப்பு இழுக்குறீங்க" என்றாள்.

சேலத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் தலை, நெஞ்சு, விரல் எல்லாவற்றிலும் ஒயர் ஒட்டி ஒரு ராத்திரி தூங்க வைத்தார்கள். மணிக்கு 41 தடவை மூச்சு தடைபட்டிருக்கிறது. 30-க்கு மேல் போனாலே தீவிரம் என்றார் டாக்டர். தூங்கும்போது தொண்டைத் தசை தளர்ந்து மூச்சு போகிற வழியை அடைத்துவிடுகிறது, கனவு வருகிற நேரத்துத் தூக்கத்தில் அது இன்னும் மோசமாகும் என்று விளக்கினார். அதைக் கேட்டதும் கனவில் மூழ்கினது பொய்யில்லை என்று புரிந்தது. நிஜமாகவே எனக்குக் காற்று இல்லை. மனசு அதற்குத் தெரிந்த கிணற்றைக் கொண்டுவந்து வைத்திருக்கிறது.

இப்போது மூக்கில் காற்று அடிக்கிற மெஷின் மாட்டிக்கொண்டு தூங்குகிறேன். அது வந்த மாதமே கிணறு போய்விட்டது. ஒன்று சொல்ல வேண்டும். அதற்கு முந்தைய வருடம் தொப்பூர் இறக்கத்தில் சுமையோடு வரும்போது எனக்குக் கண் சொருகியிருக்கிறது. ராத்திரி தூங்கியும் பகலில் தூக்கம் தள்ளுவது ஏன் என்று நான் யோசிக்கவே இல்லை. வண்டி ஓட்டுகிற தம்பிகள் யாராவது படித்தால், குறட்டையைச் சாதாரணமாக விடாதீர்கள். வீட்டில் இருப்பவர்களிடம் கேளுங்கள். நாம் தூங்குவது நமக்குத் தெரியாது.

மதுரை, நர்சிங் மாணவி

எனக்கு அமுக்குவான்.

ஹாஸ்டலில் இரண்டாம் வருடம் தொடங்கியது. நைட் டியூட்டி முடிந்து பகலில் மல்லாந்து படுத்தால் வரும். அறை அப்படியே தெரியும், மின்விசிறி சுற்றுவது தெரியும், பக்கத்துக் கட்டில் தோழி போனில் பேசுவது கேட்கும். ஆனால் விரலைக்கூட அசைக்க முடியாது. கால்மாட்டில் கட்டில் மெத்தை அமுங்கும். யாரோ ஏறி வருவார்கள். முழங்கால் ஒன்று நெஞ்சில் ஊன்றும். ஒருமுறை காதுக்குப் பக்கத்தில் மூச்சுச் சூடு பட்டது. கத்துவேன், சத்தம் வராது. ஒரு நிமிடம் கூட இருந்திருக்காது. ஆனால் அந்த எடையை நான் மறக்கவே மாட்டேன்.

எங்கள் பாடத்திலேயே இதற்குப் பதில் இருந்தது. மூடிய இமைக்குள் விழி வேகமாக அசைகிற ஒரு தூக்கக் கட்டம் உண்டு. 1953-இல் கண்டுபிடித்தார்கள். தெளிவான கனவுகள் பெரும்பாலும் அதில்தான் வருகின்றன. கனவில் ஓடுவதை நிஜத்தில் ஓடிவிடாதபடி மூளை அப்போது கைகால் தசைகளைக் கட்டிவைக்கிறது. அந்தக் கட்டு அவிழ்வதற்கு முன்பே விழிப்பு வந்துவிட்டால் இதுதான் நடக்கும். கண் விழித்திருக்கும், உடம்பு கட்டுண்டிருக்கும், கனவும் பாதி ஓடிக்கொண்டிருக்கும். ஜப்பானில் இதைக் கனாஷிபாரி என்கிறார்கள். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் ஒரு கிழவி வந்து நெஞ்சில் உட்காருகிறாள் என்பார்கள். நாம் அமுக்குவான் பேய் என்கிறோம். பல ஊர்களிலும் அது நெஞ்சில்தான் உட்காருகிறது என்று படித்தபோது எனக்குப் பாதிப் பயம் போய்விட்டது.

மல்லாந்து படுக்காமல் ஒருக்களித்துப் படுக்கிறேன். வார்டனிடம் கேட்டு டியூட்டிக்குப் பின் தடையில்லாமல் தூங்க ஏற்பாடு செய்துகொண்டேன். வந்துவிட்டால் கத்த முயல்வதில்லை. கால் பெருவிரலை மட்டும் அசைக்கப் பார்ப்பேன், மூச்சை மெதுவாக எண்ணுவேன். கலைந்துவிடும். அக்கா, உங்கள் வீட்டில் யாருக்காவது இது வந்தால் முதலில் தொட்டு எழுப்புங்கள். பேர் சொல்லித் தொட்டால் பலருக்கு உடனே விடுபட்டுவிடும்.

தஞ்சாவூர், ஓய்வு பெற்ற கணக்கர்

சுருக்கமாகச் சொல்கிறேன். தோலுக்கடியில் எறும்பு ஊர்வது போலத் தினமும் கனவு. சொறிந்து சொறிந்து கையில் காயத்தோடு எழுவேன். எப்போது ஆரம்பித்தது என்று என் மகள் நாட்குறிப்பைப் புரட்டினாள். ஒற்றைத் தலைவலிக்காக புரோப்ரனலால் மாத்திரை தொடங்கிய இரண்டாம் வாரம். அந்த வகை மாத்திரைகள் சிலருக்குக் கெட்ட கனவைக் கொடுக்கும் என்று டாக்டரே சொல்லி, படிப்படியாகக் குறைத்து வேறு மருந்து கொடுத்தார். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், அதைத் திடீரென்று நிறுத்துவது இதயத்துக்கு ஆபத்து. கனவு தொடங்கிய தேதியை மட்டும் குறித்துவைத்து டாக்டரிடம் காட்டுங்கள்.

ஸ்காபரோ (கனடா), வன்னியிலிருந்து வந்தவள்

இதில் எழுதலாமோ என்று இரண்டு நாள் யோசித்தேன். உங்கள் எல்லோருக்கும் காரணம் உடம்பில் இருந்தது. எனக்கோ கனவில் வருவதே நிஜமாக நடந்ததுதான்.

2009-இல் எனக்குப் 19 வயது. முள்ளிவாய்க்கால் கடற்கரை மண்ணில் பங்கர் (பதுங்குகுழி) வெட்டினால் நிற்காது, சரிந்து விழும். சீலைகளைக் கிழித்துப் பை தைத்து, மண் நிரப்பி அடுக்கினோம். அம்மாவின் கூறைச் சீலையும் அதில் போனது. கனவில் அந்தப் பை வெடிக்கும். மண் வாய்க்குள் வரும். பல்லிடுக்கில் நெறுநெறுக்கும். காது இரண்டும் அடைத்து உள்ளுக்குள் ஒரு ரீங்காரம் மட்டும் கேட்கும். நெஞ்சில் மண் ஏறும். என் வலது கையில் தம்பியின் கை இருக்கும். அது வழுக்கிக்கொண்டு போகும்.

இங்கு வந்த பிறகும் அது நிற்கவில்லை. பனி அள்ளுகிற வண்டி இரவில் வீதியைச் சுரண்டும் சத்தமும், ஜூலை 1 கனடா தின வாணவேடிக்கையும் போதும். எழும்பிப் போய் வாய் கொப்பளிப்பேன். தண்ணீரில் மண் இருக்கிறதா என்று பார்ப்பேன். என் பிள்ளைகளுக்கு அம்மா ஏன் நடுச்சாமத்தில் வாய் கழுவுகிறா என்று தெரியாது.

ஒரு ஆலோசகரிடம் போனேன். கனவைப் பகலில் எழுதச் சொன்னா. பிறகு எந்த இடத்திலாவது நான் விரும்பியபடி மாற்றி எழுதி, அந்தப் புதிய கனவை ஒவ்வொரு நாளும் 15 நிமிடம் மனதில் ஓட்டிப் பார்க்கச் சொன்னா. அமெரிக்காவில் பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களிடம் இந்த முறையைச் சோதித்து, கெட்ட கனவுகள் குறைந்ததாக 2001-இல் எழுதியிருக்கிறார்கள். அதையும் காட்டினா.

என்னால் ஒரு மாதம் ஒரு வரி மாற்ற முடியவில்லை. மாற்றினால் தம்பியை அங்கே விட்டிட்டு நான் மட்டும் வெளியே வந்த மாதிரி இருந்தது. அதைச் சொன்னபோது ஆலோசகர், "கையை விடச் சொல்லி நான் கேட்கவில்லையே, மண்ணை மாற்றுங்கோ" என்றா. அன்றுதான் எழுதினேன். பை வெடிக்கும், மண் வரும், ஆனால் அது அம்மம்மாவின் முற்றத்து மண். காலையில் கூட்டி, தண்ணி தெளித்து, விளக்குமாறின் வரிவரியான தடம் இருக்கிற மண். நான் அதில் இருக்கிறேன். தம்பியின் கை என் கையில் இருக்கிறது. அவன் சுட்டுவிரலால் "அ" எழுதுகிறான்.

ஒரு வருடமாகிறது. இப்போதும் வரும், மாதத்தில் ஒருக்கால். மண் வாயில் இருக்கும். ஆனால் மூச்சு விட முடிகிறது, ஈரமண் மணக்கிறது. சில நாள் கை வழுக்குவதற்கு முன்பே விழித்துவிடுகிறேன்.

கோவில்பட்டி, பள்ளி ஆசிரியை

உங்கள் பதிவைப் படித்துவிட்டு நேற்று முழுக்க எதுவும் எழுத முடியவில்லை, சகோதரி. உங்களிடம் ஒன்று கேட்கலாமா?

என் வகுப்பில் ஒரு பிள்ளை. பட்டாசு ஆலை விபத்தில் அம்மாவை இழந்தவள். கனவில் கை எரிகிறது என்று பாட்டியை எழுப்பி, வாளித் தண்ணீரில் கையை வைத்துக்கொண்டு விடியும் வரை உட்கார்ந்திருக்கிறாளாம். பகலில் என்னிடம் கையை நீட்டிக் காட்டுவாள். ஒன்றும் இருக்காது. "ஒன்றுமில்லடா" என்று நான் சொல்லியிருக்கிறேன். இனி அப்படிச் சொல்ல மாட்டேன்.

14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் பேசினேன். தமிழிலேயே பொறுமையாகக் கேட்டார்கள். திங்கட்கிழமை அவளை அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போகிறேன். பாட்டியும் வருகிறார். அந்த 15 நிமிடத்தை நீங்கள் எந்த நேரத்தில் வைத்துக்கொள்வீர்கள், பக்கத்தில் யாராவது இருந்தால் நல்லதா என்று மட்டும் சொல்லுங்கள். பாட்டி கேட்கச் சொன்னார்.