புதுப்பிப்பு: கோதுமை இல்லாத பிரெட் நடுவில் அமுங்குவது ஏன்?

முன்பு கொடுத்த அளவில் சுட்ட பிரெட் நடுவில் அமுங்கி, உள்ளே களி மாதிரி இருப்பதாகப் பலர் சொல்லியிருந்தீர்கள். மாவைப் பொங்கவிட நான் சொன்ன 1 மணி நேரம் வேலூர் வெயிலுக்கு அதிகம். குளூட்டன் (கோதுமையில் இருக்கும், மாவுக்கு இழுவை தரும் புரதம்) இல்லாத மாவுக்குக் காற்றைப் பிடித்து வைக்கும் பலம் குறைவு. சித்திரையில் 25-30 நிமிடமே போதும். ஒன்றரை மடங்கு பொங்கியதும் உடனே ஓவனில் வைத்துவிடுங்கள்.

திருத்திய அளவு: பச்சரிசி மாவு 200 கிராம், கேழ்வரகு மாவு 100, மரவள்ளி ஸ்டார்ச் 100, இசப்கோல் உமி 20, ஈஸ்ட் 6, உப்பு 7, சர்க்கரை 15, எண்ணெய் 2 மேசைக்கரண்டி, தண்ணீர் 400 மில்லி. இசப்கோலைத் தண்ணீரில் கலந்து 10 நிமிடம் விடுங்கள். கிண்ணத்தை அசைத்தால் நுங்கு மாதிரி ஆடணும். நீர்க்க இருந்தால் பிரெட் உதிரும். கேழ்வரகு மாவை வாசம் வரும்வரை வறுத்து, ஆறவிட்டுச் சேர்த்தால் பச்சை வாடை போய்விடும், ருசியே இதில்தான். 200 டிகிரியில் 55 நிமிடம். முழுசாக ஆறும்வரை வெட்டாதீர்கள், கத்தியில் ஒட்டும்.

சீலியாக் (குளூட்டன் சாப்பிட்டால் குடல் பாதிக்கப்படும் நோய்) உள்ளவர்களுக்கு: கோதுமை அரைக்கும் மில்லில் கேழ்வரகை அரைக்கவே வேண்டாம். வீட்டில் தனி மிக்ஸி ஜாரில் அரைத்துச் சலித்துக்கொள்ளுங்கள்.