ஈரல் ‘வரத்து மறிப்பு’ என்று சொல்லலாமா?

அன்பின் நண்பர்களுக்கு,

ஈரல் சத்திரசிகிச்சையில் குருதி இழப்பைக் குறைக்க, ஈரலுக்குள் வரும் குருதியைச் சிறிது நேரம் நிறுத்திவைக்கும் பிறிங்கிள் முறைக்கு ‘ஈரல் அடைப்பு’ என்ற சொல் முன்மொழியப்பட்டிருந்தது. எனக்கு அதில் உடன்பாடில்லை. அடைப்பு என்றதும் எங்கள் சனத்துக்கு மாரடைப்புத்தான் ஞாபகம் வரும். இங்கே திருகோணமலையில் சம்மதப் படிவத்தில் கையொப்பம் வைக்க வரும் ஒரு தாயிடம் “உங்கட மகனுக்கு ஈரலில அடைப்புச் செய்வம்” என்றால் பதறிப்போவார்.

செயலைப் பார்த்துவிட்டுச் சொல்லுக்கு வருவோம். ஈரலுக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒன்றரை லீற்றர் குருதி போகிறது. அதில் முக்கால் பங்கு, குடலிலிருந்து குருதியைக் கொண்டுவரும் வாயினாளம் வழியே, மிச்சம் ஈரல் நாடி வழியே. (தமிழ்நாட்டு நண்பர்கள் நாளத்தைச் சிரை என்றும் நாடியைத் தமனி என்றும் வாசித்துக்கொள்ளுங்கள்.) இரண்டும் பித்தக்கானோடு சேர்ந்து, ஈரலையும் முன்சிறுகுடலையும் இணைக்கும் மடிப்பின் ஓரத்தால் போகின்றன. மடிப்புக்குப் பின்னால் விரல் நுழையும் அளவில் ஒரு துவாரம் உண்டு. அதற்குள் சுட்டுவிரலை விட்டு முன்பக்கம் பெருவிரலால் அமுக்கினால் வரத்து நின்றுவிடும். கிளாஸ்கோவில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹோகார்த் பிறிங்கிள், காயப்பட்ட ஈரல்களுக்காக 1908இல் இதை எழுதினார். இப்போது பெரும்பாலும் மடிப்பைச் சுற்றி நாடா போட்டு, அதன்மேல் றப்பர் குழாயைத் தள்ளி இறுக்குகிறார்கள். 15 நிமிடம் இறுக்கி 5 நிமிடம் தளர்த்துவது பரவலான வழக்கம். குருதி கிடைக்காமல் ஈரல் நெடுநேரம் தாங்காது.

இந்தத் தளர்த்தலும் சொல்லுக்குள் வரவேண்டும். கந்தளாய்ப் பக்கத்து வயல்காரர் வாய்க்காலை மறிப்பது பிறகு திறந்துவிடத்தான். வரத்தும் குளத்தங்கரையில் புழங்கும் சொல்தான். ஆகவே என் முன்மொழிவு ‘ஈரல் வரத்து மறிப்பு’. 15க்கு 5 என்று செய்வதை ‘விட்டுவிட்டு மறித்தல்’ என்போம்.

‘கவ்வல்’ (clamping) என்பது பொருந்தாது. கவ்வி இல்லாமல் விரலாலும் நாடாவாலும் செய்கிறார்களே! ‘குருதி நிறுத்தம்’ இன்னும் மோசம், இல்லாத உறுதியைத் தருகிறது. மறித்த பிறகும், ஈரலிலிருந்து குருதியை வெளியே கொண்டுபோகும் ஈரல் நாளங்களிலிருந்து குருதி பின்னோக்கி வரும். அதனால்தான் மயக்க மருந்து நிபுணர் மைய நாள அமுக்கத்தை (இதயத்துக்குத் திரும்பும் பெருநாளத்தின் அமுக்கத்தை) தாழ்வாக வைத்திருக்கிறார். வரத்து என்று சொல்லிவிட்டால் எது நிற்கிறது, எது நிற்கவில்லை என்பது தெளிவாகிவிடும்.

சரி, உள்ளே வருவதையும் வெளியே போவதையும் சேர்த்து நிறுத்தும் முறைக்கு என்ன சொல்வது? போக்கையும் வரத்தையும் ஒட்டினால் வீதி மறியல் போலக் கேட்கும். ‘முழு மறிப்பு’ போதும் என்று நினைக்கிறேன். சத்திரசிகிச்சைக் கூடத்தில் வேலை செய்யும் தாதியர் யாராவது இதை வாயால் சொல்லிப் பார்த்து எழுதுங்கள்.