விடியும்வரை கூத்துப் பார்த்தவர்கள் யார் யார்?

கொழும்பில் வேலை செய்த நாட்களில், குளிரூட்டிய மண்டபமொன்றில் டிக்கெட் எடுத்து, மட்டக்களப்புக் கூத்து வகைகளில் ஒன்றான வடமோடிக் கூத்துப் பார்த்தேன். ஒன்றேகால் மணித்தியாலம். நன்றாகத்தான் இருந்தது. மட்டக்களப்பில் பிறந்தவன் முதல் கூத்தைக் கொழும்பில் பார்த்தானாம் என்று மாமி இன்றும் கேலி செய்கிறார். போன வருடம் அவரே என்னை வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைக்கு ஒரு கூத்து அரங்கேற்றத்துக்கு இழுத்துச் சென்றார். அவருடைய பேரனுக்குத்தான் அர்ச்சுனன் வேடம்.

கூத்து ஆடும் வட்டமான மேடையான வட்டக்களரிக்கு முன்பக்கம், பின்பக்கம் கிடையாது. ஆடுபவன் நாலாபுறமும் திரும்பியாக வேண்டும். நடுவே மத்தளத்தோடு கூத்துப் பழக்கிய அண்ணாவியார், பக்கத்தில் சல்லரி என்ற தாளம். பேரன் தன் பாத்திரத்தின் வரவு ஆட்டத்தை ஆடி நுழைந்ததும் எங்கள் வீட்டார் கொளுத்திய சீனவெடியில் மத்தளம் அமுங்கிப் போனது. அண்ணாவியார் முறைத்தார். பிள்ளைக்கு அடி பிசகவில்லை. பாத்திரத்தின் பாட்டுகளை எழுதிய சட்டம் கொடுத்து, சதங்கை கட்டி, அடுக்கு என்ற ஒத்திகை பார்த்து, மாதக்கணக்கில் பழகிய கால்கள் அல்லவா!

இரண்டு மணிக்கு எனக்குக் கண் சொருகியது. “நித்திரை கொள்ளவா வந்தாய், மருமகனே?” என்று மாமி கச்சான் (வேர்க்கடலை) சரையை நீட்டினார். சிலர் கோபிக்கலாம், ஆனாலும் சொல்கிறேன், நடுச்சாமத்துக்குப் பின் பாட்டு ஒரே இழுவை. பேராசிரியர் வித்தியானந்தன் 1960களில் பேராதனையில் கூத்தைச் சுருக்கி மேடையேற்றியது சும்மா இல்லை. ஆனால் விடியப்புறம் கூடைபோல் விரிந்த கரப்புடுப்பும் கிரீடமுமாக இருவர் போருக்கு எதிரெதிரே ஆடத் தொடங்க, பாயில் சுருண்டு கிடந்த சனமெல்லாம் எழுந்து குந்திக்கொண்டது. அந்த எழும்பலை நான் கொழும்பில் பார்க்கவில்லை.

கல்லடியிலிருந்து ஒரு வாசகரின் பதில்:
நான் இரவு விழித்தது கூத்துக்காக அல்ல, மட்டக்களப்பு வாவியில் பாடுவதாகச் சொல்லப்படும் மீனுக்காக. பூரணை நாளில் லேடி மானிங் பாலத்தடியில் தோணி பிடித்தோம். 1924இல் கட்டிய பழைய பாலம் அது. துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீரில் விட்டு, மறுமுனையைக் காதில் வைக்கச் சொன்னார் தோணிக்காரர். முதலில் புதிய பாலத்து வாகன இரைச்சல்தான். அரை மணித்தியாலம் கழித்து, தம்புராத் தந்தியை யாரோ தொட்டுத் தொட்டு விடுவதுபோல் ஏதோ கேட்டது. மீனா, சிப்பியா என்று தோணியிலேயே சண்டை. என் தம்பிக்கு ஒன்றுமே கேட்கவில்லை. காசைத் திருப்பிக் கேட்டான்.

தம்பிலுவிலிலிருந்து இன்னொரு வாசகரின் பதில்:
அண்ணன், கூத்து இழுவை என்கிறீர்கள். எங்கள் பக்கம் வந்தால் என்ன சொல்வீர்களோ! கண்ணகி அம்மனுக்கான வைகாசிச் சடங்கில் அவள் கதையைச் சொல்லும் கண்ணகி வழக்குரையை நாட்கணக்கில் படிப்பார்கள். மதுரை எரியும் இடம் வரும்போது என் அம்மம்மா பேசவே மாட்டார். அம்மனின் கோபம் தணியப் பாடும் குளிர்த்தி முடிந்த பிறகுதான் அவருக்கு மூச்சு வரும். அடுத்த வைகாசிக்கு மாமியையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். எங்கள் வீட்டில் பாய் இருக்கிறது; கச்சான் மட்டும் நீங்கள் வாங்கி வாருங்கள்.