புதுப்பிப்பு: மகளின் இதய அறுவைச் சிகிச்சை முடிந்தது, நிதி திரட்டுவதை நிறுத்திவிட்டோம்

இதயத்தின் கீழறைகளுக்கு இடையே பெரிய துளையுடன் பிறந்த எங்கள் மகளின் அறுவைச் சிகிச்சைக்கு நிதி திரட்ட வழி கேட்டு இங்கே எழுதியிருந்தேன். பதிலளித்த, பணம் அனுப்பிய அனைவருக்கும் நன்றி. துளை மூடப்பட்டு, குழந்தை நலமாக வீடு திரும்பிவிட்டாள்.

நன்கொடை கேட்கும் முன் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் உள்ள மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையத்தை அணுகுமாறு ஒருவர் சொன்ன யோசனைதான் பலன் தந்தது. 2013இல் தொடங்கப்பட்ட ஆர்.பி.எஸ்.கே. என்ற தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின்கீழ் 18 வயது வரையுள்ள பிள்ளைகளின் பிறவிக் குறைகளைக் கவனிக்கும் அந்த மையத்தினர், எக்கோ (இதய ஸ்கேன்) அறிக்கையைப் பார்த்து, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்ந்துள்ள தனியார் மருத்துவமனை ஒன்றுக்கு எங்களை அனுப்பினார்கள். காப்பீட்டு அட்டைக்கு, ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு மிகாது என்ற சான்றிதழ், குடும்ப அட்டை, ஆதார் ஆகியவற்றுடன் ஆட்சியர் அலுவலகத்தில் பதிவு செய்தோம். அறுவைச் சிகிச்சைக்கு நாங்கள் பணம் கட்டவில்லை.

எதிர்பாராதது காத்திருப்புதான். துளையால் நுரையீரலுக்கு ரத்தம் மிகுதியாகப் பாய்வதால் இத்தகைய குழந்தைகளுக்கு மூச்சு வாங்கும், பால் குடிக்கும்போதே களைத்துப்போவார்கள், எடை ஏறாது. எங்கள் மகளுக்கோ இடையில் சளிக்காய்ச்சலும் வந்ததால் தேதி தள்ளிப்போனது. அந்த நாட்களில் தங்குமிடம், சாப்பாடு, போக்குவரத்து ஆகியவற்றுக்கு ஆன செலவு (இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை) நீங்கள் அனுப்பிய பணத்திலிருந்தே சமாளிக்கப்பட்டது. மீதியை அனுப்பியவர்களுக்கே திருப்பி அனுப்பி வருகிறோம். வேண்டாம் என்பவர்களின் பங்கு தொடர் பரிசோதனைகளுக்குப் பயன்படும்.