புதுப்பிப்பு: வானத்தில் விழுந்த பட்டைகளுக்குக் காரணம் கிடைத்தது

ஃபோட்டோஷாப்பில் வெளிச்ச அளவை வைத்துப் படத்தின் பகுதிகளைத் தேர்ந்தெடுக்க உதவும் லுமினாசிட்டி மாஸ்க் பிளகினை (துணை நிரலை) புதுப்பித்த பிறகு, என் படத்தில் மாலை வானத்தில் பட்டை பட்டையாக விழுகிறது என்று முன்பு எழுதியிருந்தேன். பிளகின் மீது தவறில்லை. நான் திறந்தது 8 பிட் படம். அதில் சிவப்பு, பச்சை, நீலம் என ஒவ்வொரு நிறச் சேனலுக்கும் 256 வெளிச்சப் படிகள்தான். மாஸ்க்கை அதனுடனேயே மீண்டும் மீண்டும் பெருக்கி, அது பிடிக்கும் பகுதியைக் குறுக்கும்போது மதிப்புகள் ஒவ்வொரு முறையும் முழு எண்ணாகி, படிகள் இன்னும் குறைகின்றன. அதன்மேல் வெளிச்சத்தை மாற்றும் கர்வ்ஸ் கோட்டை இழுத்தால், படிகளுக்கு இடையிலான இடைவெளி பட்டையாகக் கண்ணில் படத்தானே செய்யும்! கேமராவின் மூலப் பதிவான ரா கோப்பை, படிகள் மிக அதிகமுள்ள 16 பிட்டாகத் திறந்து அதே வேலையைச் செய்தேன். வானம் வழுவழுவென்று வந்துவிட்டது, அவ்வளவு நிம்மதி.

அப்புறம், தேர்ந்தெடுத்த பகுதியைச் சுற்றி ஓடும் தேர்வுக் கோடு தெரியவில்லை என்றும் அப்போது எழுதியிருந்தேனே, ஃபோட்டோஷாப் 50 சதவீதத்துக்கு மேல் தேர்வான பிக்சல்களைச் சுற்றித்தான் கோடு காட்டும். கோடு இல்லாவிட்டாலும் தேர்வு இருக்கிறது. நம்பி மாஸ்க் போடலாம்.