கயிறு கையை உதறினால் பிளைவீலைப் பாருங்கள்

புல்வெட்டும் இயந்திரம் ஓடவில்லை என்றால் எல்லோரும் முதலில் பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டரைத்தான் கழற்றுகிறார்கள். பெரும்பாலும் அது சரிதான். மாதக்கணக்கில் கிடந்த பெட்ரோல் காய்ந்து, அதிலுள்ள ஜெட் என்ற நுண்துளையை அடைத்துக்கொள்ளும். ஆனால் மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட்டில், தமிழ்ப்பள்ளித் திடலில் கோத்தோங் ரோயோங் (எல்லோரும் கூடிச் செய்யும் பொதுப்பணி) நடந்த அன்று என்னிடம் வந்த இயந்திரம் வேறு ரகம். கார்புரேட்டரை ஏற்கெனவே ஒருவர் சுத்தம் செய்திருந்தார். எஞ்சின் முடிந்துபோனது, புதிது வாங்குங்கள் என்று கடையில் சொல்லிவிட்டார்களாம்.

எஞ்சினைக் கிளப்பும் கயிற்றை இழுத்துப் பார்த்தேன். எஞ்சின் பிடிக்கவில்லை, கயிறு கையைப் பின்னுக்கு வெடுக்கென்று உதறியது. அந்த உதறலை எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும்.

அப்பா ரப்பர் தோட்டத்துப் பட்டறையில் பிட்டர், இயந்திரங்களைப் பழுதுபார்ப்பவர். மாலையானால் லயத்து (தோட்டக் குடியிருப்பு) வாசலில் ஹோண்டா கப் மோட்டார் சைக்கிள்கள் வந்து நிற்கும். விடியற்காலையில் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகிறவர்களின் வண்டிகள் என்பதால் இரவுக்குள் முடித்தாக வேண்டும். கைவிளக்கைப் பிடிப்பதும், எஞ்சின் தண்டோடு சுழலும் கனச் சக்கரமான பிளைவீலைக் கழற்றியதும் உள்ளிருந்து வரும் பிறை வடிவ இரும்புச் சாவி மண்ணில் விழாமல் உள்ளங்கையில் வாங்குவதும் என் வேலை. கிக்கரை மிதிக்கும்போது வண்டி காலைத் திருப்பி உதைத்தால், பிளக்கில் தீப்பொறி நேரத்துக்கு முன்பே விழுகிறது என்று அப்பா சொல்லிக்கொடுத்தார். எதையும் கழற்றுவதற்கு முன் பொறி, பெட்ரோல், அழுத்தம் என்ற வரிசையில் சோதிக்க வேண்டும் என்பதில் அவர் கறாராக இருந்தார்.

அதே வரிசையில் பார்த்தேன். பிளக்கைக் கழற்றி எஞ்சின் உடம்பில் சாய்த்து இழுத்தால் நீலப் பொறி நன்றாகவே வந்தது. பிளக் முனையில் பெட்ரோல் ஈரம் இருந்தது. துளையைக் கட்டைவிரலால் அடைத்து இழுத்தால் காற்று விரலைத் தள்ளியது. மூன்றும் இருந்தும் ஓடவில்லையென்றால் கோளாறு பொறி விழும் நேரத்தில்தான். பிளேடு எதிலாவது மோதியதா என்று கேட்டேன். திடலோரத்து எல்லைக்கல்லில் மோதி நின்றதாக ஒரு தம்பி சொன்னார்.

பிளேடு மோதிச் சட்டென்று நிற்கும்போது அதைச் சுழற்றும் கிராங்க் தண்டும் அதோடு நின்றுவிடும். கனமான பிளைவீலோ தன் வேகத்தில் சற்று முன்னே நகர்ந்துவிடும். இரண்டையும் ஒரே நிலையில் வைத்திருக்கும் மிருதுவான உலோகச் சாவி அப்போது அறுபடும். பிளைவீலில் பதிந்த காந்தம், பிளக்குக்கு மின்சாரம் தரும் காயிலைக் கடக்கும்போதுதான் பொறி பிறக்கிறது. காந்தம் முந்திக்கொண்டால், மேலேறி வரும் பிஸ்டனைத் தீ பாதிவழியிலேயே கீழே தள்ளும். கயிற்றின் வழியாகக் கைக்கு வந்தது அந்த உதைதான்.

பிளக் வயரை விலக்கி வைத்துவிட்டு, சக்கரத்தை இழுத்துக் கழற்றும் புல்லர் போட்டுப் பிளைவீலை எடுத்தேன். (சுத்தியலால் அடித்து எடுப்பதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன், பிளைவீலில் விரிசல் விழும், காந்தமும் கெடும்.) சாவி பாதியாக வெட்டுப்பட்டுக் கிடந்தது. ஆணியை அறுத்துச் செருகிவிடலாம் என்று ஒருவர் ஆர்வமாகச் சொன்னார். நான் மறுத்துவிட்டேன். அடுத்த மோதலில் ஆணி அறுபடாது. அடி முழுவதும் பிளைவீலுக்கும் தண்டுக்கும் போகும். விட்டுக்கொடுப்பதற்காகவே அந்தச் சாவியை மிருதுவான உலோகத்தில் செய்கிறார்கள்.

சரியான சாவி ஈப்போவில் கிடைத்தது, சில ரிங்கிட்தான். காயிலுக்கும் காந்தத்துக்கும் நடுவே ஒரு பெயர் அட்டையைச் செருகி இடைவெளி வைத்தேன். ஏறக்குறைய 0.3 மில்லிமீட்டர் வரும், அது போதும். பிளேடு கோணியிருக்கிறதா என்றும் பார்த்துக்கொண்டேன். கோணல் பிளேடு எஞ்சினை ஆட்டியே கெடுத்துவிடும். இழுத்ததும் எஞ்சின் பிடித்துக்கொண்டது. எல்லைக்கல்லைச் சுற்றி மட்டும், முதுகில் மாட்டும் புல்வெட்டியில் நைலான் கயிறு போட்டு வெட்டச் சொல்லியிருக்கிறேன்.